வகுப்பு குழுவுல நான் கேள்வி கேட்டா மட்டும் ஏன் யாரும் வாயே திறக்கிறதில்ல?

கேள்வி, 14 ஜூன் 2023

வகுப்புக்குன்னு வாட்ஸ்அப் குழு ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு, 42 பேர். நான் கேள்வி போட்டா அப்படியே கிடக்குது. மெசேஜ் இன்ஃபோ பார்த்தா 38 பேர் படிச்சாச்சுன்னு காட்டுது, பதில் சொல்ல ஒருத்தர் இல்ல. யாருக்காவது பிறந்தநாள்னா மட்டும் நிமிஷத்துல அறுபது மெசேஜ். இலவசமா கிடைக்கிற சமூக ஊடகத்தை வச்சு பிள்ளைங்களை பாடத்துக்குள்ள இழுத்துரலாம்னு பயிற்சிக்குப் போற இடமெல்லாம் சொல்றாங்க. எனக்கு அது வெறும் பேச்சுன்னு தோணுது. யாருக்காவது நிஜமா நடந்திருக்கா?

14 ஜூன் 2023, ராத்திரி

எனக்கு நடந்திருக்கு. ஆனா முதல் ஒரு வருஷம் உங்க கதை தான்.

முதல்ல நீங்க என்ன கேள்வி போட்டீங்கன்னு சொல்லுங்க. "எல்லாருக்கும் புரிஞ்சுதா", "யாருக்காவது டவுட் இருக்கா" இந்த மாதிரின்னா அதுக்கு எந்தக் காலத்திலயும் பதில் வராது, வகுப்புலயே வராது, போன்ல எப்படி வரும். டவுட் இருக்குன்னு 42 பேர் பார்க்க எழுதுறதுன்னா அந்த வயசுல எவ்வளவு பெரிய விஷயம்னு நாம மறந்துட்டோம்.

நான் அறிவியல் எடுக்கிறேன், 15, 16 வயசு பிள்ளைங்க. ஒளிச்சேர்க்கை நடத்தி முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் குழுவுல ஒரு ஓட்டு (poll) போட்டேன். ஒரு சின்ன விதை பெரிய மரமா ஆகுது, அவ்வளவு எடையும் பெரும்பாலும் எங்கிருந்து வந்துச்சு? மண், தண்ணி, காத்து, வெயில், இதுல ஒண்ணு. வகுப்புல முதல் மார்க் வாங்குற பையன் வந்து மண்ணுன்னு தொட்டான். அடுத்த பத்து நிமிஷத்துல இருபது மண்ணு. காத்துன்னு போட்டிருந்த ஒரு பொண்ணு தன் ஓட்டை எடுத்து மண்ணுக்கு மாத்தினதை நான் கண்ணால பார்த்தேன், ஒண்ணு குறைஞ்சு அந்தப் பக்கம் ஒண்ணு கூடுச்சு. அந்த ஒரே ஆள் தான் சரியான பதில் போட்டிருந்தது.

யார் யார் எதுக்கு போட்டாங்கன்னு அங்க பேரோட தெரியும், எண்ணிக்கையும் உடனுக்குடன் ஏறும். அப்படி ஒரு இடத்துல போய் யோசிக்கிற கேள்வியை வச்சது என் தப்பு. டூருக்கு எந்த நாள் போலாம்னு கேட்க அது அருமையான வசதி. மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க அது சரிப்படாது.

15 ஜூன் 2023

கீழ ஒருத்தர் கேட்டிருந்தாங்க, நாலுல ஒண்ணு தான்னு எப்படி கட்டுப்படுத்தினீங்க, வாட்ஸ்அப்ல எத்தனை பதில் வேணும்னாலும் தொடலாமேன்னு. ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு, அந்த வசதி 2022 நவம்பர்ல வந்தப்போ. ஒரே பதில்னு வைக்கிற மாதிரி இந்த வருஷம் மே மாசம் மாத்திட்டாங்க. நான் போட்டப்போ வாயால தான் சொன்னேன், ஒண்ணு மட்டும் தொடுங்கன்னு. பாதி பேர் கேட்டாங்க.

போல்னு எழுதினா தமிழ்ல வேற அர்த்தம் வருது, அதனால ஓட்டுன்னே எழுதுறேன்.

17 ஜூன் 2023

இதை எழுதணும்னு ரெண்டு நாளா மனசுல இருக்கு.

மேரி பட் ரோ னு ஒரு அமெரிக்க கல்வியாளர், 1970கள்ல நிறைய அறிவியல் வகுப்புகளோட ஒலிப்பதிவை உட்கார்ந்து கேட்டவங்க. ஆசிரியர் கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு அளந்தா ஏறக்குறைய ஒரு செகண்ட் தான் வந்துச்சு. அதுக்குள்ள பதில் வரலைன்னா அடுத்த ஆளைக் கேட்டுடறோம், இல்லன்னா நாமளே சொல்லிடறோம். அதை மூணு செகண்டுக்கு மேல நீட்டிப் பார்த்தாங்க. பதில் நீளமாச்சு, வழக்கமா பேசாத பிள்ளைங்க பேச ஆரம்பிச்சாங்க. மூணே செகண்ட்!

இதைப் படிச்ச பிறகு தான் போன் எனக்கு வேற மாதிரி தெரிஞ்சுது. போன்ல காத்திருக்கிற நேரம் மூணு செகண்ட் இல்ல, ஒரு ராத்திரி முழுக்க.

என் வகுப்புல ஒரு பொண்ணு இருந்தா, ரெண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம். வருஷம் முழுக்க அவ குரல் எனக்குத் தெரியாது, பேர் கூப்பிட்டா கையை மட்டும் தூக்குவா. ஒரு நாள் குழுவுல போடாம எனக்குத் தனியா அனுப்புங்க, எழுதினாலும் சரி பேசி அனுப்பினாலும் சரின்னு சொல்லி ஒரு கேள்வி குடுத்தேன். ஈரத்துணியோட காத்துல நின்னா ஏன் குளிருது. ராத்திரி 9.40க்கு அவகிட்ட இருந்து வந்துச்சு, இந்த மெசேஜ் நீக்கப்பட்டது. ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்ப, இந்த மெசேஜ் நீக்கப்பட்டது. மூணாவதும் அதே. நான் போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், எதுவும் டைப் பண்ணிடக் கூடாது, பண்ணினா பயந்துடுவா. நாலாவது நின்னுச்சு. 47 செகண்ட் வாய்ஸ் நோட். பின்னாடி குழாய்ல தண்ணி ஓடுற சத்தம், கதவை சாத்திக்கிட்டு பேசுறா போல, குரல் பாதி காத்து தான். ஆனா பதில் எவ்வளவு தெளிவு. வேகமா ஓடுற துகள் முதல்ல கிளம்பிடும், மிச்சம் இருக்கிறது மெதுவானது, அதான் குளிர்ச்சின்னு பாடப்புத்தகத்துல இல்லாத வார்த்தையில சொந்தமா சொன்னா.

அந்த மூணு நீக்கப்பட்ட மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு.

வகுப்புல நான் ஒரு செகண்ட் தான் குடுத்திட்டிருந்தேன் அவளுக்கு.

18 ஜூன் 2023

அப்போ ஓட்டை எங்க போடுறதுன்னு கேட்டவங்களுக்கு. நான் டெலிகிராமுக்கு மாறினேன். அங்க யார் எதுக்கு போட்டாங்கன்னு தெரியாம வைக்கலாம், அதோட நீங்க ஓட்டு போட்ட பிறகு தான் சதவீதமே கண்ணுல படும். அதே மரம் கேள்வியை அடுத்த வகுப்புக்கு இப்படிப் போட்டேன். நாலு பக்கமும் சிதறுச்சு, மண்ணும் தண்ணியும் கிட்டத்தட்ட சமம், காத்துக்கு ஆறு பேர். பிள்ளைங்க மனசுல இருந்தது அது தான், முதல் தடவை நான் பார்த்தது ஒரு பையனோட மனசை மட்டும்.

ஆனா இங்கயும் ஒரு குழி இருக்கு, விழுந்து தெரிஞ்சுக்கிட்டேன். வினாடி வினா மாதிரி வைக்கிற வசதியும் அதுல உண்டு, 2020ல வந்தது. அதுல போட்டா தொட்ட உடனே சரியா தப்பான்னு காட்டிடும், மாத்தவும் முடியாது. விடை தெரிஞ்ச பிறகு எதுக்கு விவாதம், கதை முடிஞ்சுது. சாதாரண ஓட்டா வச்சா விடை தெரியாது, ஓட்டைத் திரும்ப எடுத்து மாத்தியும் போடலாம். எனக்கு வேண்டியது அது தான்.

ஏன்னா ஹார்வர்டுல எரிக் மசூர்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் 1991ல இருந்து பண்ற முறை இப்படித்தான் போகும். கேள்வி, தனியா யோசிச்சு ஓட்டு, விடை சொல்லாம பக்கத்துல இருக்கிறவங்களோட பேச்சு, திரும்ப ஓட்டு. அதுக்கு அப்புறம் தான் விளக்கம். முதல் ஓட்டுல எல்லாருமே சரியா போட்டா பேச ஒண்ணுமில்ல, எல்லாருமே தப்புன்னா நீங்க திரும்ப நடத்தணும், நடுவுல இருந்தா அங்க தான் சண்டை சூடு பிடிக்கும். அதனால முதல் ஓட்டு ராத்திரி டெலிகிராம்ல, சண்டை மறுநாள் காலையில வகுப்புல நேருக்கு நேர், ரெண்டாவது ஓட்டு அங்கேயே கை தூக்கி.

சண்டை நடக்கும்போது நான் ஹெல்மான்ட் கதையை இறக்கினேன். ஃபான் ஹெல்மான்ட்னு ஒரு பழைய காலத்து விஞ்ஞானி, 1648ல அவர் இறந்த பிறகு வெளிவந்த புத்தகத்துல இருக்கு. உலர்ந்த மண்ணு ஏறக்குறைய 90 கிலோ எடை போட்டு ஒரு தொட்டியில கொட்டி, ஒரு வில்லோ கன்னு நட்டு, தண்ணி மட்டும் ஊத்தினார், 5 வருஷம். மரம் 74 கிலோவுக்கு மேல ஏறிடுச்சு, மண்ணுல குறைஞ்சது 60 கிராம் கூட இல்ல. மண்ணு கட்சி அப்படியே உட்கார்ந்துருச்சு. தண்ணி கட்சிக்கு ஒரே கொண்டாட்டம், ஏன்னா ஹெல்மான்டும் தண்ணி தான்னு முடிவு பண்ணினார். அவரும் தப்புன்னு சொன்னதும் வகுப்பே அமைதி. அப்புறம் ஒருத்தன் எழுந்து, காத்துல இருந்து மரம் வரும்னா புயல் அடிச்சா காடு வருமா மிஸ்னு கேட்டான், பத்து நிமிஷம் சிரிப்பு நிக்கல, எனக்கும் தான். ஆனா அந்தக் கேள்வியில இருந்து தான் கார்பன் டை ஆக்சைடு காத்துல எவ்வளவு கொஞ்சமா இருக்குங்கிற பேச்சே ஆரம்பிச்சுது. 0.04 சதவீதம். அதுல இருந்தா இவ்வளவு பெரிய மரம்னு அவங்களே வாயைப் பொளந்தாங்க.

2 ஜூலை 2023

பெத்தவங்க ஒருத்தர் இங்க எழுதியிருந்தது நியாயம். குழுன்னு போட்டா எல்லார் நம்பரும் எல்லார் கைக்கும் போயிடுது. நான் ரெண்டு வருஷம் இதைப் பத்தி யோசிக்கவே இல்ல. டெலிகிராம்ல நம்பரை யாருக்கும் காட்டாதேன்னு செட்டிங்ஸ்ல வைக்கலாம், முதல் நாளே வகுப்புல எல்லாரையும் வைக்க சொல்லி, போனை வாங்கிப் பார்த்து முடிச்சிட்டு தான் ஆரம்பிக்கிறேன். அறிமுகமில்லாத ஆள் மெசேஜ் பண்ணினா என்ன செய்யணும்னும் அன்னிக்கே. வாட்ஸ்அப்ல 13 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தனியா கணக்கு வைக்கக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு, சின்ன வகுப்பு எடுக்கிறவங்க பெத்தவங்க போன் வழியா தான் போகணும், வேற குறுக்கு வழி தேடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒரு பையன் தப்பா எழுதின விடையை நல்ல தப்பு, எல்லாரும் பாருங்கன்னு நான் போட்டோ எடுத்துக் குழுவுல போட்டேன். நல்ல எண்ணம் தான். ஓரத்துல அவன் முகம் பாதி விழுந்திருந்தது. அன்னிக்கு ராத்திரியே அது ஸ்டிக்கர் ஆயிடுச்சு, ஒரு வாரம் யார் எது தப்பு பண்ணினாலும் அந்த முகம். அவன் என்கிட்ட வந்து சொல்லல, வேற பிள்ளை வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்குப் போய் அவன்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் மன்னிப்பு கேட்டேன். அதுல இருந்து பிள்ளைங்க விடை எதையும் நான் போட்டோவா போடறதில்ல, தேவைன்னா என் கையெழுத்துல திருப்பி எழுதி, யாருதுன்னு தெரியாம போடுவேன்.

20 ஜூலை 2023

கொஞ்சம் வேற பக்கம் போறேன்.

ட்விட்டர் அளவுல பாடத்தை சுருக்கி எழுத சொல்றது நல்ல பயிற்சின்னு ஒருத்தர் சொல்லியிருந்தாங்க. நல்ல பயிற்சி தான், ஆனா தமிழ்ல எழுதினா ஒரு சிக்கல். அங்க 280னு எண்றது நம்ம எழுத்தை இல்ல, கம்ப்யூட்டர் உள்ள வச்சிருக்கிற குறியீட்டை. க ஒண்ணு, கி ரெண்டு, க் ரெண்டு. ஒளிச்சேர்க்கைன்னு எழுதினா நம்ம கண்ணுக்கு 7 எழுத்து, அங்க 13. என் பிள்ளைங்க தான் இதைக் கண்டுபிடிச்சாங்க, இங்கிலீஷ்ல எழுதினவனுக்கு இடம் மிச்சம், தமிழ்ல எழுதினவளுக்கு பத்தலைன்னு சண்டை வந்து. ஒரு முழு பீரியட் எழுத்துன்னா என்ன, கொம்பும் காலும் புள்ளியும் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியுதுன்னே போச்சு. அறிவியல் பாடம் நகரல, எனக்கு வருத்தமே இல்ல. இப்போ 25 வார்த்தைன்னு வச்சுட்டேன், தாள்ல.

ட்விட்டரை வகுப்புல வச்சுப் பார்த்தவங்க ரொம்ப நாளாவே இருக்காங்க. 2009ல டாலஸ்ல மோனிகா ராங்கின்னு ஒரு வரலாற்று பேராசிரியர், 90 பேர் இருக்கிற வகுப்பு, கை தூக்கிப் பேச எல்லாருக்கும் நேரம் கிடைக்காதுன்னு ஹேஷ்டேக் குடுத்து எழுத சொன்னாங்க. 2011ல ரெனால் ஜன்கோன்னு ஒரு ஆய்வாளரும் கூட ரெண்டு பேரும் 125 கல்லூரி மாணவர்களை வச்சு ஆய்வு பண்ணினாங்க, ட்விட்டர் வச்ச பிரிவுக்கு ஈடுபாடும் மார்க்கும் கூடுச்சுன்னு வந்துச்சு. இதைத்தான் எல்லா பயிற்சியிலயும் காட்டுறாங்க. ஆனா அவர் அதுக்கப்புறம் போட்ட இன்னொரு கட்டுரையை யாரும் காட்டுறதில்ல. ஆசிரியர்கள் தாங்களும் இறங்கி பதில் எழுதி, பாடத்தோட ஒட்டி வச்ச இடத்துல தான் பலன். ஆசிரியர் ஒதுங்கிக்கிட்டு, விருப்பம் இருந்தா எழுதுன்னு விட்ட இடத்துல ஒண்ணும் நடக்கல.

கேள்வி கேட்டவருக்கு என் பதிலும் இதுல இருக்கு. ராத்திரி வந்த பதிலை நீங்க மறுநாள் காலையில என்ன பண்றீங்க? நான் ஒண்ணும் பண்ணாம இருந்த வருஷம் பிள்ளைங்க ரெண்டே வாரத்துல நிறுத்திட்டாங்க. இப்போ முதல் அஞ்சு நிமிஷம் அது தான், நேத்து வந்ததுல மூணு பதிலை எடுத்து போர்டுல எழுதுவேன். அன்னிக்குப் பாடம் அங்கிருந்து தான் கிளம்பும். நாம எழுதினது மிஸ் பாடத்தையே மாத்துதுன்னு ஒரு தடவை பார்த்துட்டா போதும், அப்புறம் நீங்க கேட்க வேண்டியதே இல்ல.

9 செப்டம்பர் 2023

மேல எழுதினதை எல்லாம் இன்னிக்குத் திரும்பப் படிச்சேன். எல்லார் கையிலயும் போன் இருக்குங்கிற மாதிரியே எழுதியிருக்கேன். தப்பு.

இந்த வருஷம் வகுப்புல அஞ்சு பேருக்கு சொந்தமா போன் இல்ல, அதுல ரெண்டு பேர் வீட்ல இருக்கிற ஒரே போன் ராத்திரி பத்து மணிக்கு மேல தான் வீட்டுக்கு வரும். நான் எட்டரைக்குக் கேள்வி போட்டு ஒன்பதரைக்கு முடிச்சிட்டிருந்தேன். அந்த ரெண்டு பேரும் ஒரு மாசமா ஒண்ணும் சொல்லல, காலையில போர்டுல எழுதும்போது தலையைக் குனிஞ்சுக்குவாங்க. கவனிச்சிருக்கணும்.

இப்போ ரெண்டு மாத்தம். ஒண்ணு, கேள்வி வகுப்பு முடியும்போதே போர்டுல இருக்கும், எழுத விரும்புறவங்க துண்டுத் தாள்ல பேர் இல்லாம எழுதி டப்பாவுல போட்டுட்டுப் போகலாம், போன்ல வர்றதும் டப்பாவுல வர்றதும் எனக்கு ஒண்ணு தான். ரெண்டு, வகுப்புக்குள்ள ஓட்டுக்கு பிளிக்கர்ஸ்னு ஒரு செயலி. ஆளுக்கு ஒரு அட்டை, அதுல கட்டம் கட்டமா ஒரு உருவம், எந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி பிடிக்கிறாங்களோ அது தான் அவங்க விடை. நான் என் போன் கேமராவை வகுப்பு மேல ஓட்டினா எல்லார் விடையும் வந்துடும். பிள்ளைங்க கையில அட்டை மட்டும் தான். ஒவ்வொரு அட்டையும் வேற வேற உருவம், பக்கத்துல இருக்கிறவன் எதைப் பிடிச்சிருக்கான்னு பார்த்துத் திருப்பவும் வழியில்ல. இது சமூக ஊடகம் இல்லன்னு யாராவது சொல்லுவீங்க, இல்ல தான். இலவச கணக்கே எனக்குப் போதுமா இருக்கு.

டப்பாவுல வர்ற தாளோட எண்ணிக்கை போன்ல வர்றதை விடக் கூடிடுச்சு. போன் வச்சிருக்கிறவங்களும் டப்பாவுல தான் போடறாங்க.

5 ஜனவரி 2024

வாய்ஸ் நோட் பத்தி. இப்போ ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல வருது. வேகத்தைக் கூட்டிக் கேட்கலாம் தான், நான் கூட்டறதில்ல, தயங்குற இடத்துல தான் விஷயம் இருக்கு, வேகமா ஓட்டினா அந்தத் தயக்கம் காதுல விழாது. அதுக்குப் பதிலா வாரம் ஒரு வரிசைக்கு மட்டும் குரல், மத்தவங்க எழுத்துன்னு பிரிச்சுக்கிட்டேன். ஒன்பதரைக்கு மேல நான் எதுக்கும் பதில் போடறதில்ல, லேட்டா போன் கிடைக்கிறவங்க எப்போ வேணும்னாலும் அனுப்பலாம், காலையில கேட்பேன்னு சொல்லியாச்சு. எனக்கும் வீடு இருக்கு.

11 ஜனவரி 2025

ரொம்ப நாளாச்சு இங்க வந்து. கூகுளோட ஜாம்போர்டு, எல்லாரும் சேர்ந்து எழுதுற ஆன்லைன் போர்டு, அதைப் போன மாசம் 31ஆம் தேதியோட மூடிட்டாங்க, அதுல வச்சதெல்லாம் போச்சேன்னு ஒருத்தர் புலம்பியிருந்ததைப் பார்த்து எழுதுறேன்.

இது புதுசில்ல. வகுப்பே சேர்ந்து பக்கம் எழுதுற விக்கிஸ்பேசஸ் 2018ல போச்சு. எட்மோடோ, பள்ளிக்கூடங்களுக்குன்னே இருந்த சமூக வலைத்தளம், எத்தனை கோடி பேர் வச்சிருந்தது, 2022 செப்டம்பர் 22ஆம் தேதி நின்னுச்சு. பிள்ளைங்க வீடியோ எடுத்துப் பதில் சொல்ற ஃப்ளிப், தனி செயலியா இருந்ததை 2024ல நிறுத்தினாங்க. நானும் ஒரு இடத்துல ரெண்டு வருஷத்துப் பதில்களை வச்சிருந்தேன். மூடப் போறோம்னு அவங்க அனுப்பின மெயில் நான் பார்க்காத ஒரு பழைய ஐடிக்குப் போயிருக்கு, திறந்து பார்த்தப்போ ஒண்ணுமில்ல. காசு வாங்காம குடுக்கிறவங்க எப்போ வேணும்னாலும் கடையைக் கட்டலாம், அவங்க மேல கோபப்பட்டு என்ன பண்ண. ஆனா அதுல போனது பிள்ளைங்களோட யோசனை, அது அவங்க சொத்து.

இப்போ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் வந்ததுல நல்ல தப்பு ஒண்ணு, நல்ல கேள்வி ஒண்ணு, ஒரு நோட்டுல பேனாவால எழுதி வைக்கிறேன். யாருதுன்னு பேர் போடறதில்ல, அவங்களே வந்து இது என்னுது மிஸ்னு பேர் எழுதிட்டுப் போறாங்க. முன்னாடி பேர் தெரியக் கூடாதுன்னு தானே இவ்வளவும் பண்ணினேன்.

ஜன்னல் ஓரத்துப் பொண்ணு என்ன ஆனான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வகுப்புல அவ கடைசி வரைக்கும் பெருசா பேசல. பேசணும்னு நானும் வற்புறுத்தல. வருஷக் கடைசியில அந்த நோட்டுல நாலு பக்கத்துல அவ பேர் இருந்துச்சு.

13 ஜனவரி 2025

முதல்ல கேள்வி கேட்டவர் நேத்து எழுதியிருக்கார். குழுவுல யாரும் எழுத வேண்டாம்னு நிறுத்திட்டு, டப்பா மட்டும் வச்சாராம், முதல் நாள் மூணு தாள், இப்போ முப்பதுக்கு மேல. அடுத்து என்ன கேள்வி போடலாம்னு கேட்கிறார்.

நான் நாளைக்குப் போடப் போறது இது, எடுத்துக்கோங்க. இறுக்கி மூடின பாட்டிலுக்குள்ள ஒரு ஈ, அடியில உட்கார்ந்திருக்கு, பாட்டில் தராசு மேல. ஈ பறந்து நடுவுல மிதக்குது, எதையும் தொடல. தராசு குறைச்சுக் காட்டுமா, அதே தானா, கூடுமா?

வியாழக்கிழமை வரைக்கும் யாரும் இங்க விடை எழுதாதீங்க. என் வகுப்புல ரெண்டு பேர் இதைப் படிக்கிறாங்க.